தள்ளி நின்று எடுக்கும் லென்ஸ்

கேமராக் கடையின் கண்ணாடி மேசையில் இரண்டு லென்ஸ்கள் மதிய வெயிலில் மின்னுகின்றன. நாளை தனியாக ஊர் சுற்றக் கிளம்புகிறேன். ஒன்றைத்தான் வாங்க முடியும். “ஜூமை எடுத்துக்கோம்மா, தள்ளி நின்னே எடுத்துடலாம். சின்னதுன்னா ஆளுங்க பக்கத்துல போகணும்,” என்கிறார் கடைக்காரர். கல்லூரியில் மூன்று வருடமும் எல்லாக் கூட்டத்தையும் தள்ளி நின்றே ஓசியில் படம் எடுத்துக் கொடுத்தேன். வா, நீயும் நில் என்று ஒருத்தியும் கூப்பிடவில்லை. சின்னதையே கேமராவில் மாட்டுகிறேன். “கூட வந்தவங்களை எடுத்துப் பாரும்மா.” “யாரும் வரல. நீங்க நில்லுங்கண்ணா.” “என் மூஞ்சியா? லென்ஸ் விரிசல் விட்டா நான் பொறுப்பில்ல,” என்று தலையைக் கோதிக்கொள்கிறார். ஓர் எட்டு முன்னால் வைக்கிறேன்; முகம் இன்னும் சின்னதாகத்தான் தெரிகிறது. இன்னொரு எட்டு வைத்ததும் மேசை வயிற்றில் இடிக்கிறது. அவர் நேராக என்னையே பார்க்கிறார். சனியன், அவசரப்பட்டு அமுக்கிவிட்டேன். படம் கலங்கிப்போய் வருகிறது. “இதையே பில் போடுங்க.”