காக்கா பிடித்தவள்

“காக்கா பிடிச்சுப் பட்டம் வாங்கினவங்களை நிறையப் பாத்திருக்கேன். நிஜமாவே காக்கா பிடிச்சுட்டு வந்து பட்டம் கேக்கற முதல் ஆளு நீங்கதாம்மா!”

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். பக்கத்தில் இருந்த துறைத்தலைவி மரியாதைக்குச் சிரித்தார். முனைவர் பட்ட வைவாவுக்காக எதிரே நின்ற ஆய்வு மாணவியும் சிரித்தாள். சிரிக்காமல் முடியுமா, கையெழுத்து அவரிடம் அல்லவா இருக்கிறது!

“சரி, என்ன கண்டுபிடிச்சீங்க?”

“காக்கா மனுஷ முகத்தை மறக்காது சார். தன்னைப் பிடிச்ச ஆளை வருஷக்கணக்கா ஞாபகம் வச்சுக்கும். குஞ்சுகளுக்கும் காட்டிக் கொடுக்கும். முன்னாடி இருக்கே தோப்பு, அங்கதான் வலை விரிச்சுப் பிடிச்சேன். கால்ல வளையம் மாட்டிப் பறக்க விட்டேன்.”

“அப்ப உங்களைக் கண்டா கொத்தணுமே?”

“ரப்பர் முகமூடி போட்டுக்கிட்டுப் பிடிச்சேன் சார். அதைப் போட்டுக்கிட்டுப் போனா தோப்பே ரெண்டுபடும். கழட்டிட்டுப் போனா ஒண்ணுகூட என்னைச் சட்டை பண்ணாது.”

“ரப்பர் மூஞ்சியைப் பாத்தா காக்கா என்ன, நானே கத்துவேன்!”

“வேற ரப்பர் முகமூடி போட்டும் போனேன் சார். அதை ஒண்ணும் கண்டுக்கல.”

தேர்வாளர் மசியவில்லை. ஆய்வேடுகளைக் கந்தல் கந்தலாகக் கிழிப்பதில் பேர் எடுத்தவர் அவர்.

“காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்த கதையா இருக்கும். அது யாரோட முகம்?”

“நிஜ மனுஷரோடதுதான் சார். அவர் முகத்துலயே அச்செடுத்துப் பண்ணினது.”

“அப்படின்னா அந்த மனுஷனைத் தோப்பு வழியா நடக்க விட்டிருக்கணும். அதுக்கு முன்னாடி அந்தக் காக்காங்க அவரை ஒரு தடவைகூடப் பாத்திருக்கக் கூடாது. அப்பவும் துரத்தினா நம்பலாம். அந்தச் சோதனை இல்லாம இது அரைவேக்காடு. திருப்பி அனுப்பத்தான் போறேன்.”

மூன்று வருட உழைப்பு ஒரு வாக்கியத்தில் ஆட்டம் கண்டது. ஆனால் மாணவியின் முகத்தில் கலக்கம் இல்லை. அதுவே தேர்வாளருக்கு எரிச்சலைக் கிளப்பியது.

“இதையெல்லாம் உங்க கைடு சொல்லித் தரலையா? ஆபீஸ்ல விசாரிச்சேன். நீங்க தோப்புல வேலை செஞ்ச இத்தனை நாள்ல அவர் அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கலையாமே?”

“ஆமா சார். வந்ததில்ல.”

“போன்ல கேட்டா மட்டும் ஆகா ஓகோன்னார். காக்காய்க்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு! நேர்ல மூஞ்சியைப் பாக்கலாம்னு வந்தா இன்னிக்கும் ஆளைக் காணோம்.”

துறைத்தலைவிக்குச் சங்கடமாக இருந்தது. ஆனாலும் மனதில் இருந்தது வாயில் வந்துவிட்டது.

“அவர் யாரோடயும் ஒட்ட மாட்டார் சார். பின்வாசல்ல வண்டியை நிறுத்திட்டு விறுவிறுன்னு மாடியேறிடுவார். அதே வழியா வீட்டுக்குப் போயிடுவார். பசங்க ‘பின்வாசல்’னே பேர் வச்சுட்டாங்க.”

மாணவிக்குச் சுருக்கென்றது. தன்னை என்ன சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பாள். இருந்தும் குரல் நிதானமாகவே வந்தது.

“நீங்க கேட்ட சோதனைக்கு ஏற்பாடு பண்ணியிருக்கேன் சார். தேர்வாளர் கண்ணு முன்னாடியே நடக்கட்டும்னுதான் ஆய்வேட்டுல எழுதல. தப்பாப் போனா உங்க இஷ்டப்படி செய்யுங்க. கொஞ்சம் ஜன்னல் கிட்ட வர்றீங்களா?”

சொல்லிக்கொண்டே செல்போனில் யாருக்கோ ஒரு செய்தி தட்டினாள்.

மூவரும் ஜன்னலில் குனிந்தார்கள். கீழே தோப்பில் இரண்டு மாணவர்கள் அரட்டையடித்தபடி போனார்கள். கிளைகளில் இருந்த காக்கைகள் இறகைக் கோதிக்கொண்டிருந்தன. பின்னால் ஒரு தபால்காரர் போனார். அப்போதும் சத்தமில்லை.

பிறகு, பாதி நரைத்த ஒரு மனிதர் வெறும் கையோடு தோப்புக்குள் நுழைந்தார்.

ஒரு காக்கை கத்தியது. அவ்வளவுதான். மரத்துக்கு மரம் தீப்பிடித்ததுபோல் கூச்சல் பரவியது. வளையம் போட்ட காக்கைகள் தலைக்கு மேல் பாய்ந்தன. வளையமே இல்லாத இளசுகளும் சேர்ந்துகொண்டன. அந்த மனிதர் ஓடவில்லை, கையால் முகத்தை மறைக்கவும் இல்லை. நிமிர்ந்தபடியே நடந்தார். உச்சந்தலையில் ஒன்று, காதோரம் ஒன்று என்று கொத்து விழுந்தது.

துறைத்தலைவி அவசரமாகக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். “அடக் கடவுளே!” என்று வாயைப் பொத்திக்கொண்டார்.

“போதும்மா, போதும்! அவரை உள்ள வரச் சொல்லுங்க!” தேர்வாளர் பதறிப்போய்க் கத்தினார். “நம்பறேன்! கையெழுத்துப் போட்டாச்சுன்னே வச்சுக்குங்க. இப்படி ஒரு சோதனையை என் சர்வீஸ்ல பாத்ததில்ல.”

மாணவியின் கண் கலங்கியிருந்தது. சந்தோஷம் பாதி, கீழே அந்த மனிதர் தலையில் விழுந்த கொத்துகளின் வலி பாதி.

“அது சரி, யாரும்மா அந்த மனுஷன்? இனிமே ஆயுசுக்கும் இந்தக் காக்காங்க விடாதே! தெரிஞ்சே எவன் இதுக்கு முகத்தைக் கொடுத்தான்?”

“தோப்புக் காக்கா கண்ணுல பட்டுடக் கூடாதுன்னு மூணு வருஷமாப் பின்வாசல் வழியாவே வந்து போனவர் சார்” என்றாள் அவள். “என் கைடு.”