கயிற்றுக்கு அந்தப் பக்கம்

கவாயித் தீவின் ஓட்டல் அறையில், எந்தச் சந்தைக்குப் போவது என்று யோசித்து யோசித்துக் கலேயோவுக்கு வேர்த்துவிட்டது.

"புதன்கிழமை கபாஆ சந்தை?" என்றாள் மனைவி மஹினா.

"ஐயோ, வேண்டாம். அங்க விசில் ஊதுறதே அவதான். பாத்துட்டா நான் தீர்ந்தேன்."

சந்தை திறக்கும் நேரத்தில் விசில் ஊதி, வாசலில் கட்டிய கயிற்றை இறக்கும்வரை இத்தீவில் ஒருவரும் ஒரு பப்பாளியைக்கூடத் தொட முடியாது.

"உன்மேல இன்னுமா அவ்வளவு ஆசை அவளுக்கு?"

"அதான் பயமே. சிக்கினா விடமாட்டா."

"நல்ல ஆம்பளை! எனக்கு ரம்புத்தான் பழம் வேணும். வியாழக்கிழமை ஹனபேப்பே சந்தைக்குப் போவோம். அங்க வரமாட்டால்ல?"

"அவ்வளவு தூரம் வரமாட்டா."

வியாழனன்று, ஓட்டலில் கொடுத்த தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொண்டு மஹினாவின் முதுகுக்குப் பின்னால் நின்றான். கூட்டம் கயிற்றை முட்டியது.

"இங்க ஊதுறவருக்கு முதுகுவலியாம். கபாஆவிலேர்ந்து ஆள் வந்திருக்கு" என்றார் பக்கத்திலிருந்தவர்.

கலேயோ திரும்பி நழுவுவதற்குள் அவள் பார்த்துவிட்டாள். அதிர்ச்சியில் அவள் வாயிலிருந்த விசில் அலறியது. சந்தை நேரத்துக்கு முன்பே திறந்துவிட்டது. கூட்டம் பழங்களை நோக்கி ஓட, அவள் மட்டும் எதிர்த்திசையில் ஓடிவந்து அவன் காதைத் திருகினாள்.

"இந்த வருஷம் லீவே கிடைக்கலம்மான்னு போன்ல அழுதியேடா! பெத்தவ வீடு இங்க இருக்கு, நீ ஓட்டல் தொப்பி போட்டுக்கிட்டு நிக்கிறே! எங்கடா என் மருமக?"

மருமகள் ரம்புத்தான் குவியலுக்குப் பின்னால் குனிந்திருந்தாள்.