பெரட்டில் ஒரு பெயர்

குனோங் ராபாட்டில் இருந்த வீட்டின் சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்து, தினேஸ்வரி பல்கலைக்கழக நூலகத்தின் இணையதளத்துக்குள் நுழைந்தாள். கட்டுரைக்காக இரவல் எடுத்த பழைய ஆவணப்படத்தை இன்று சாயங்காலம் வரைதான் பார்க்க முடியும். அதற்குப் பிறகு நூலகம் அதை மூடிவிடும்.

திரையில், ரப்பர் தோட்டத்தில் ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டு நடந்துகொண்டிருந்தது. அம்மா பிறப்பதற்கு முன்பே எடுத்த படம். பால் வாளிகளோடு வரிசையில் நின்றவர்களைக் கங்காணி பெயர் சொல்லிக் கூப்பிட, ஒவ்வொருவராகக் குரல் கொடுத்தார்கள்.

"செல்லாயி!"

பதில் இல்லை. கங்காணி காத்திருந்தார்.

"இருக்கேங்க!" என்று அடுப்படியில் மீன் பொரித்துக்கொண்டிருந்த அம்மா கத்தினாள். வேலை செய்த தோட்டத்தை விற்கும்வரை ரப்பர் பாலுக்காகப் பால்மரம் வெட்டியவள். தன் பெயரைக் கேட்டதும் வாயில் பதில் தானாக வந்துவிட்டது.

தினேஸ்வரி சிரித்தாள். திரையில் கங்காணி, பதில் காதில் விழுந்ததுபோல் தலையாட்டிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார்.

அவளுக்குச் சிரிப்பு நின்றுபோனது. படத்தைப் பின்னால் நகர்த்தி மறுபடியும் ஓடவிட்டாள். இந்த முறை கங்காணி காத்திருக்கவில்லை. வரிசையின் கடைசியில் முதுகைக் காட்டி நின்ற ஒரு பெண் உடனே குரல் கொடுத்தாள். எல்லார் கையிலும் வாளி இருந்தது. அவள் கையில் கரண்டி.

அடுப்படியிலிருந்து மீன் கருகும் வாடை வந்தது.

"அம்மா! அடுப்ப அடைம்மா! எங்க இருக்கே?"

"இரு, வாரேன்லா."

அம்மாவின் குரல் மடிக்கணினியிலிருந்து வந்தது.

திரையின் மேல் நூலகத்தின் அறிவிப்பு தெரிந்தது: இந்தப் படம் சற்று நேரத்தில் மூடப்படும்.