இன்றைய லாக்டேட்

“நாலுக்கு எறங்கிருச்சு, லோஷினி!”

செருப்பைக் கழற்றும்போதே ஹேமநாதன் சொல்லிவிட்டான். லோஷினிக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மகன் பிறந்ததுமே மூச்சுக்குத் திணறினான். ரத்தத்தைச் சோதித்த குளுவாங் ஆஸ்பத்திரி டாக்டர், லாக்டேட் ஒன்பது என்றார். அது ஏறினால் மூச்சுக்கோளாறு மோசமாவதாக அர்த்தம், இறங்கினால் பயமில்லை என்று சொல்லி, பிள்ளையை ஆம்புலன்ஸில் ஜேபி நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டார். ஹேமநாதனும் கூடவே போனான்.

வயிற்றைக் கிழித்த உடம்போடு லோஷினி காஹாங் வீட்டில் பத்தியத்தில் கிடந்தாள். வாசற்படி தாண்டக் கூடாது என்பது மாமியார் அங்கம்மாவின் உத்தரவு. காலையில் ஜேபிக்குக் கிளம்பும் புருஷன் சாயங்காலம் கொண்டுவரும் அந்த எண்தான் அவளுக்குப் பிள்ளை.

“பால் கட்டிக்கிட்டு உயிர் போகுது அத்தை. எடுத்துக் குடுத்து விடலாமா?”

“டியூப்ல கெடக்குற பிள்ளைக்கு இப்ப எதுக்கும்மா பால்? வலி கொறையட்டும்.”

மல்லிகைப் பூவை மாரில் வைத்து இறுக்கக் கட்டிவிட்டார் அங்கம்மா. பெற்ற தாய்கூட இப்படிப் பார்த்துக்கொள்ள மாட்டாள் என்று லோஷினிக்குக் கண் கலங்கியது.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக் கடை நஸீமா எட்டிப் பார்த்தாள்.

“அண்ணனுக்கு என்னக்கா ஆச்சு? காலையில வந்து உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் எங்க கடையிலதான். வாங்கின தேத்தண்ணியக்கூடத் தொடறதில்ல.”

“அவரு ஜேபிக்குல்ல போறாரு?”

“அலமாக்! காரு தெனமும் எங்க கடைக்குப் பின்னாலதானேக்கா நிக்குது?”

லோஷினிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடப்பாவி! பெற்ற பிள்ளை அங்கே டியூபோடு போராடுகிறது, இவன் கடையில் குந்திக்கொண்டு வாய்க்கு வந்த எண்ணைச் சொல்கிறானா? அதைக் கேட்டுக் கேட்டு அவள் படுத்தபடியே சாமியை வேறு கும்பிட்டிருக்கிறாள்.

“இன்னிக்கு மூணு...” என்று சாயங்காலம் உள்ளே வந்தவனை அவள் முடிக்க விடவில்லை.

“போதும்லா பொய்! ஒரு நாளாச்சும் போய்ப் பிள்ளையப் பாத்தீங்களா? நீங்கல்லாம் ஒரு அப்பாவா?”

ஹேமநாதன் சுவரோரமாக அப்படியே குந்திவிட்டான்.

“உங்கள நம்பினேன் பாருங்க, என்னைச் சொல்லணும்!” அவன் கையிலிருந்த கார் சாவியைப் பிடுங்கினாள். “அத்தை, பத்தியமாவது ஒண்ணாவது. கெளம்புங்க, நாம ரெண்டு பேரும் போலாம். உங்க மகன் வேணாம்.”

அங்கம்மா கிளம்பவில்லை. எழுந்துபோய்க் கதவை மறித்து நின்றார்.

“வழிய விடுங்க அத்தை! அப்பன் பாக்காட்டி என்ன, என் பிள்ளைக்கு நான் இருக்கேன்!”

“அன்னைக்கு ஆம்புலன்ஸ்லயே மூச்சு நின்னு போச்சும்மா.”