எச்சில் விரல்

செத்த எலியின் மூளையை அரைத்து, அதிலுள்ள சின்னஞ்சிறு ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளைப் பிரித்தெடுப்பது ஜெசிந்தாவின் வேலை. மூளை அழற்சியைக் கிளப்பிவிடுவதிலும் அடக்குவதிலும் அவற்றுக்குப் பங்குண்டு. ஆனால் விரல் வியர்வையோ எச்சிலோ பட்டால் சிதைந்துபோகும். அன்று உதவியாளர் தணிகாசலம் குழாய்கள் இருந்த பாலித்தீன் பையைப் பிரிக்க விரலை நாக்கில் நனைத்து, அதே விரலால் குழாய்களையும் எடுத்தார். மூன்று மாத உழைப்பு பாழ்.

"சீ! எச்சியத் தொட்டுப் பிரிக்க இது என்ன மளிகைக்கடையா?" என்று கத்தினாள்.

வீட்டிலும் அருவருப்பு அடங்கவில்லை. இருபது வருடம் மளிகைக்கடை வைத்திருந்த கணவன் சூசைராஜுக்கும் மூளையில் அழற்சிதான். இப்போது அவளை அடையாளம் தெரியாது. வாயோரம் எச்சில் ஒழுக உட்கார்ந்திருந்தவனுக்குக் கையுறை போட்டுக்கொண்டே கஞ்சி ஊட்டினாள். திடீரென்று அவள் கையைப் பிடித்தான். விரலை நாக்கில் நனைத்து, கையுறையின் விளிம்பைத் தேய்த்துத் தேய்த்து, பாலித்தீன் பையைப் போலப் பொறுமையாகப் பிரித்துக் கழற்றினான். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

வியர்த்து வெளுத்திருந்த அவள் விரல்களை அவன் உற்றுப் பார்த்தான்.

"உள்ள யாருங்க இருக்கறது?" என்றான்.