எந்தச் சாம்பல்?

"இது சாம்பல் இல்லைங்க, எலி. என் மவன் எலிக் கலர் சுவத்துக்குள்ளயா குடியிருப்பான்?" என்றார் ஹபீப் மரைக்காயர்.

"நீங்க காட்டுறது மட்டும் என்னவாம், சம்பந்தி? வெறும் சிமெண்டு. கட்டி முடிச்ச வீட்டைப் பாதியில நிக்கிற மாதிரி காட்டும்" என்றார் காஜா மைதீன்.

கூடத்துச் சுவரில் முழ அகலத்துக்கு இரண்டு சாம்பல் திட்டுகள். பெயின்டர் சிவநாதன் காலையில் அடித்துக் காட்டிவிட்டு, முடிவானதும் போன் பண்ணச் சொல்லிப் போய்விட்டார். இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும். சண்டை போட அந்த அளவு போதும்.

காரைக்காலில் அவர்கள் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. காஜா மைதீனின் மகள் சுஹைனாவைக் கட்டப்போகும் தாரிக் இங்கேதான் வந்து குடியிருப்பான். அதனால்தான் அவன் வாப்பா மரைக்காயரும் நிறம் பார்க்க வந்திருந்தார். காஜா மைதீன் கத்தாரில் மேனேஜர். மரைக்காயர் குவைத்தில் இன்ஜினியர். கல்யாணப் பத்திரிகையிலும் அப்படித்தான் அச்சாகப்போகிறது. இத்தனை பெரிய மனிதர்கள் ஒரு நிறத்தை லேசில் விட்டுக்கொடுப்பார்களா?

காஜா மைதீனின் மனைவி கமர் நிஷா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். போன வரன் தங்கமான பையன். அவன் வாப்பா துபாயில் கொத்தனார் என்று தெரிந்ததும் அவளேதான் வேண்டாம் என்றாள். எட்டு மாதம் அலைந்து பிடித்த இன்ஜினியர் குடும்பம், கேவலம் ஒரு சாம்பலால் கைவிட்டுப் போய்விடுமோ?

"நீங்கதான் விட்டுக்கொடுங்களேன்" என்று புருஷனின் காதைக் கடித்தாள்.

"நீ போயி டீ போடு."

அவள் சமையலறைக்குப் போனாள். மரைக்காயரின் மனைவியும் கூடவே எழுந்து போனாள். கூடத்தில் குரல்கள் ஏறின.

"உங்க கலரு ரெண்டாவது கோட்டுல இன்னும் இருட்டிக்கும்."

"பட்டி பூசினதை நல்லா தேச்சுட்டு பிரைமர் விட்டா இருட்டாது."

"கடக்காத்துங்க இது. ஈரம் காயறதுக்குள்ள ரோலரைப் போட்டா திட்டுத் திட்டா நிக்கும்."

"மேலேருந்து கீழ ஒரே இழுப்பா இழுத்தா எப்படி நிக்கும்? மூலைக்கு மட்டும் ரெண்டு இஞ்சு பிரஷ்."

மரைக்காயர் வெறுங்கையால் இழுத்தும் காட்டினார். காஜா மைதீன் அந்த மணிக்கட்டையே பார்த்தார். பிறகு சமையலறைப் பக்கம் ஒரு கண்ணை ஓட்டிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"குவைத்துல எத்தனை வருஷமா பெயின்ட் அடிக்கிறீங்க?"

மரைக்காயர் சட்டென்று கையை இறக்கினார்.

"பத்தொம்பது. வூட்ல யாருக்கும் தெரியாது" என்றார், கெஞ்சுகிற குரலில்.

"எனக்கு இருவத்திரெண்டு" என்றார் காஜா மைதீன்.

கமர் நிஷா டீத் தட்டோடு வந்தபோது சம்பந்திகள் இருவரும் தோளோடு தோள் உரசி ஒரே திட்டின் முன் நின்றிருந்தார்கள்.

"இதையே வச்சுக்குவோம் இன்ஜினியர் சார். எதுக்கும் அந்த சிவநாதனை ஒரு வார்த்தை கேட்டுக்கலாமா?" என்றார் காஜா மைதீன் சத்தமாக.

"விடுங்க மேனேஜர்" என்று டீயை எடுத்துக்கொண்டார் மரைக்காயர். "பெயின்ட் அடிக்கிறவனுக்குக் கலரைப் பத்தி என்ன தெரியும்?"