புது அட்மினிஸ்ட்ரேட்டர்

காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் திரையில் இரண்டு பெயர்கள் நின்றன.

ஒன்று சாண்ட்ரா. அது அவள்தான். நேற்றுவரை அந்த ஒரு பெயர்தான் இருந்தது.

இன்னொன்று அம்மா. இங்கிலீஷில், பெரிய எழுத்தில். பக்கத்தில் மஞ்சள் வாத்துப் படம்.

அந்த வீட்டில் அம்மா என்றால் அது மாமியார் சிலுவையம்மாள்தான். டி.வி. ரிமோட்டையே தலைகீழாகப் பிடிக்கிறவர். கம்ப்யூட்டரைத் தினமும் ஈரத்துணியால் துடைப்பார். அதோடு சரி.

சாண்ட்ரா தன் பெயரை அழுத்தி உள்ளே போனாள். இன்டர்நெட் போடுகிற ஐகானைக் காணோம். புதிதாக ஒன்று உண்டாக்கப் பார்த்தாள். உங்களுக்கு அந்த உரிமை இல்லை என்றது கம்ப்யூட்டர்.

கன்ட்ரோல் பேனலைத் திறந்தாள். அவள் பெயருக்குக் கீழே 'லிமிடெட் அக்கவுண்ட்'. வாத்துக்குக் கீழே 'கம்ப்யூட்டர் அட்மினிஸ்ட்ரேட்டர்'.

ஜனவரியில் கப்பலேறுவதற்கு முந்தின நாள் அவள் கணவன் டெரிக் அவளை உட்காரவைத்து எல்லாம் காட்டிக்கொடுத்தான். "இனிமே நீதான் இந்த வூட்டுக்கு அட்மினிஸ்ட்ரேட்டர்" என்று சிரித்தான். கப்பல் கரைசேருகிற ஊரிலிருந்தெல்லாம் மெயில் போடுவான். அடுத்த துறைமுகத்துக்கு மூன்று வாரம் ஆகும் என்று எழுதியிருந்தான். அந்த மூன்று வாரம் இன்றோடு முடிகிறது.

வைரஸாக இருக்குமோ? வைரஸ் அம்மா என்று பெயர் வைத்துக்கொண்டா வரும்?

யோசித்துப் பார்த்தாள். நேற்று மதியம் ஸ்கேன் எடுக்க ஆட்டோவில் போய்வந்தாள். வழக்கமாகக் கூட வருகிற மாமியார் நேற்று வரவில்லை. பக்கத்து வீட்டு ராஜாத்தியை அனுப்பிவைத்தார். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் யாரோ இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள்.

கம்ப்யூட்டர் தெரிந்தவரிடம் நேரில் போய்க் கேட்கலாம் என்றால், ஆஸ்பத்திரிக்குத் தவிர மாடிப்படி இறங்கக்கூடாது. எட்டாம் மாதம். இரண்டு தடவை கலைந்துபோய் மூன்றாவதாகத் தங்கியது. பிரஷர் ஏறிக் கிடக்கிறது, மனசைப் போட்டு அலட்டிக்காதே என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

தெருமுனையில் பிரௌசிங் சென்டர் வைத்திருக்கும் கமாலுதீன் பாய்க்குப் போன் போட்டாள்.

"எதையும் தொடாதீங்க தங்கச்சி. மதர்போர்டு போயிருக்கும்" என்றார் அவர்.

மதர்போர்டு போனால் கம்ப்யூட்டர் எப்படி ஓடுகிறது? கேட்பதற்குள் போனை வைத்துவிட்டார்.

எழுந்து அடுக்களை வாசலுக்குப் போனாள். சிலுவையம்மாள் முதுகைக் காட்டிக்கொண்டு மீன் உரசிக்கொண்டிருந்தார்.

"அத்தை, கம்ப்யூட்டர்ல யாரு உக்காந்தது?"

"எனுக்கு இன்னா தெரியும் அதுல? கஞ்சி ஆறிகினு கீது. மொதல்ல அத்தத் துன்னு."

திரும்பியே பார்க்கவில்லை.

சாண்ட்ரா மறுபடி வந்து உட்கார்ந்தாள். இந்த முறை வாத்தை அழுத்தினாள். பாஸ்வேர்டு கேட்டது. டெரிக் பிறந்த நாளைப் போட்டாள். இல்லை. கல்யாண நாள். இல்லை. தெருப்பெயர், கோயில் பெயர், எதுவும் எடுபடவில்லை.

கட்டத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கேள்விக்குறி இருந்தது. பாஸ்வேர்டு மறந்துபோனால் ஞாபகப்படுத்த ஒரு வரி எழுதிவைக்கிற இடம். அதை அழுத்தினாள்.

இங்கிலீஷ் எழுத்தில் தமிழ் வந்தது.

'கொயந்த பொறக்கட்டும், சொல்றேன்.'

இரண்டு தரம் படித்தாள். மாமியாரின் குரலே காதில் கேட்டது. இங்கே இன்னா போடணும் என்று யாரோ கேட்டிருக்கிறார்கள். அவர் சொன்னதை அப்படியே அடித்திருக்கிறார்கள்.

என்ன சொல்லப்போகிறார்? பிள்ளை பிறக்கும்வரை எதற்காக மறைக்க வேண்டும்?

சட்டென்று அவளுக்கு ஒன்று தோன்றியது. பிரசவத்துக்கு டெரிக் வரப்போகிறான். மெயிலைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று அம்மாவும் பிள்ளையும் சேர்ந்து நாடகம் போடுகிறார்கள்.

சிரிப்பு வந்தது. கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுக் கஞ்சியைக் குடித்தாள். அதற்குமேல் அவள் எதுவும் கேட்கவில்லை.

பிரசவத்துக்கு டெரிக் வரவில்லை. கப்பல் எங்கோ ஒரு துறைமுகத்தில் மாட்டிக்கொண்டது என்றார்கள். அதையும் நம்பினாள். பாதி நம்பினாள்.

பெண் பிறந்து பதினாறாம் நாள் சிலுவையம்மாள் தானே கம்ப்யூட்டரைப் போட்டார். பக்கத்தில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித்தேடி பாஸ்வேர்டை அழுத்தினார்.

"இப்ப பாரு கண்ணு."

சாண்ட்ரா தன் மெயிலைத் திறந்தாள். கப்பல் கம்பெனியிடமிருந்து ஒன்று வந்திருந்தது. ஐம்பத்தைந்து நாள் பழையது. புயலில் கடலுக்குள் போன ஆறு பேரின் பெயர்கள். நான்காவது பெயர் டெரிக். தேடுவதை நிறுத்திவிட்டார்களாம். காலையிலேயே வீட்டுக்குப் போன் செய்து அவருடைய தாயாரிடம் தெரிவித்துவிட்டோம் என்றும் எழுதியிருந்தது.

சாண்ட்ரா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குழந்தை சிணுங்கி, ஓய்ந்து, தூங்கியும் போனது.

"யாருக்கெல்லாம் தெரியும் அத்தை?"

"தெருவுக்கே தெரியும். உன் காதுல போட்றாதீங்கன்னு வூடு வூடாப் போயி கால்ல வுயுந்துட்டு வந்தேன். கம்ப்யூட்டர்ல வந்து நிக்கும்னு சொன்னாங்க. அதுக்கு யார் கால்ல வுயுறதுன்னு தெரியல. பாயைக் கூப்புட்டேன்."

சொல்லி முடித்துவிட்டுத்தான் சிலுவையம்மாள், முதல்முறையாக, தன் மகனுக்காக வாய்விட்டு அழுதார்.